1951-இல் அந்தச் சொல்லே இல்லை: ஒரு தொலைக்காட்சித் தொடரைத் தரவுத்தளங்களில் தேடிய நிகழ்வு ஆய்வு

நூலக உதவி மேசைக்கு வருகிற கேள்விகளில் பாதி, கேள்வியாக வருவதில்லை. முடிவு ஏற்கெனவே தயாராக இருக்கும். அதற்கு அடிக்குறிப்பு மட்டும் தேவைப்படும். ஊடகவியல் முதுகலை மாணவி ஒருவர் கொண்டுவந்ததும் அப்படித்தான். அவர் குறிப்பேட்டில் எழுதியிருந்தது இது: 1951-இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘ஏமஸ் அன் ஆண்டி’ என்ற நகைச்சுவைத் தொடர் வந்தது. அது கறுப்பின மக்களை இழிவாகக் காட்டியது. கறுப்பின மக்கள் அதை எதிர்த்தார்கள். என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமை அமைப்பு போராடி 1953-இல் தொடரை நிறுத்தியது.

அந்தக் காலத்துச் செய்தித்தாள்களிலிருந்து நாலைந்து மேற்கோள் கிடைத்தால் போதும், அத்தியாயம் முடிந்துவிடும் என்றார். ஒரு மணி நேர வேலை என்று நானும் நினைத்தேன். நான்கு வாக்கியங்களில் முதலாவது மட்டும்தான் கடைசிவரை அப்படியே நின்றது. மற்ற மூன்றும் எங்கே, எப்படி ஆட்டம் கண்டன என்பதை எழுதிவைக்கிறேன். திரையில் இனம் எப்படிக் காட்டப்பட்டது என்று தேடுகிற யாருக்கும் இதே பள்ளங்கள் வழியில் இருக்கும்.

தொடரின் முன்கதை, சுருக்கமாக

இது தொலைக்காட்சியில் பிறந்த தொடர் இல்லை. 1928-இல் சிகாகோவின் டபிள்யூ.எம்.ஏ.க்யூ. வானொலியில் ஃப்ரீமன் காஸ்டன், சார்லஸ் கோரெல் என்ற இரண்டு வெள்ளையர்கள் கறுப்பினத்தவர்போலக் குரல் மாற்றிப் பேசி நடத்திய நிகழ்ச்சி. அடுத்த ஆண்டே என்.பி.சி. வானொலி வலையமைப்பு வழியாக நாடு முழுக்கப் போனது. 1930-இல் அதே இருவரும் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு ‘செக் அண்ட் டபுள் செக்’ என்ற திரைப்படத்தில் நடித்தார்கள். 1948-இல் உரிமையை சி.பி.எஸ். வாங்கியது. தொலைக்காட்சிக்கு வரும்போது மை பூசி ஒப்பேற்ற முடியாது. அதனால் கறுப்பின நடிகர்களையே போட்டார்கள்: ஏமஸாக ஆல்வின் சில்ட்ரெஸ், ஆண்டியாக ஸ்பென்சர் வில்லியம்ஸ், கிங்ஃபிஷாக டிம் மோர், கிங்ஃபிஷின் மனைவி சஃபையராக எர்னஸ்டீன் வேட். முதல் ஒளிபரப்பு 1951 ஜூன் 28. விளம்பரதாரர் பிளாட்ஸ் பீர்.

அதே வாரம் அட்லாண்டாவில் என்.ஏ.ஏ.சி.பி.யின் ஆண்டு மாநாடு நடந்துகொண்டிருந்தது. 1909-இல் தொடங்கப்பட்ட, கறுப்பின மக்களின் உரிமைக்கான அமைப்பு இது. இந்தத் தொடரையும், வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தியை மையமாக வைத்த ‘பியூலா’ என்ற தொடரையும் கண்டித்து மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள்.

முதல் தேடல், முதல் ஏமாற்றம்

மாணவி முதலில் தட்டியது ‘ரேஷியல் ரெப்ரசென்டேஷன்’, ‘டெலிவிஷன்’ என்ற இரண்டு சொற்கள். இடம், ‘புரோக்வெஸ்ட் ஹிஸ்டாரிக்கல் நியூஸ்பேப்பர்ஸ்’ என்ற தரவுத்தளம். காலம், 1951 முதல் 1953 வரை.

வந்ததெல்லாம் வேறு. அந்த ஆண்டுகளின் செய்தித்தாளில் ‘ரெப்ரசென்டேஷன்’ என்றால் நகர சபையில் எத்தனை இடம், தொழிற்சங்கத்தில் யார் பிரதிநிதி, ஜூரியில் யாரைச் சேர்த்தார்கள் என்பதுதான். ‘ரேஸ்’ என்று தனியாகப் போட்டால் குதிரைப் பந்தயமும் தேர்தல் போட்டியும் வந்து குவியும். ‘டெலிவிஷன்’ என்றால் தொலைக்காட்சிப் பெட்டி விளம்பரங்கள். தவணை முறையில் வாங்கலாம் என்ற அறிவிப்போடு.

“மேடம், அந்தக் காலத்துல இதைப் பத்தி யாருமே கவலைப்படலையா?” என்று கேட்டார்.

கவலைப்பட்டார்கள். ஆனால் அந்தச் சொல்லால் கவலைப்படவில்லை. திரையில் ஒரு மக்கள் கூட்டம் எப்படிக் காட்டப்படுகிறது என்பதற்கு ‘ரெப்ரசென்டேஷன்’ என்று சொல்வது பின்னால் வந்த கல்விப்புலத்துப் பழக்கம். நம் காலத்துச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு எழுபது ஆண்டுக்கு முந்தைய தாளைத் தட்டினால், தாள் வாயைத் திறக்காது. அந்த மௌனத்தை ‘எதிர்ப்பே இல்லை’ என்று எழுதிவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. பின்னோக்கிப் போகிற எந்த ஆய்விலும் இதுதான் முதல் கோளாறு என்பது என் அனுபவம்.

அதனால் தேடுவதை நிறுத்திவிட்டுப் புரட்டச் சொன்னேன். தேதி நமக்குத் தெரியும். ‘சிகாகோ டிஃபெண்டர்’, ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ இரண்டும் கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகைகள். 1951-இல் வாரப் பத்திரிகைகளாக, சனிக்கிழமைத் தேதி போட்டு வந்தன. ஜூன் 28 வியாழக்கிழமை. ஆகவே ஜூன் 30 தேதியிட்ட இதழ் அச்சுக்குப் போனபோது தொடரைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஜூலை 7 இதழிலிருந்து தொடங்க வேண்டும். தேடல் பெட்டியை மூடிவிட்டு, மைக்ரோஃபிலிம் காலத்தில் செய்ததுபோல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பார்த்தோம்.

அங்கேதான் சொற்கள் கிடைத்தன. ‘நீக்ரோ’, ‘கலர்டு’, ‘ஸ்டீரியோடைப்’, ‘கேரிகேச்சர்’, ‘மின்ஸ்ட்ரல்’ (வெள்ளையர் முகத்தில் மை பூசி நடத்திய கேலிக் கூத்து), ‘அங்கிள் டாம்’ (வெள்ளையருக்குப் பணிந்துபோகிற கறுப்பினத்தவர்). முதல் இரண்டும் இன்று யாரும் மரியாதையாகப் பயன்படுத்தாத சொற்கள். தேடல் பெட்டியில் தட்டவே மாணவிக்குக் கை கூசியது. புரிகிறது. ஆனால் அன்றைய கறுப்பினப் பத்திரிகைகளே தங்கள் மக்களை அப்படித்தான் எழுதின. அதைத் தவிர்த்தால் அவர்கள் எழுதியது எதுவுமே நம் கண்ணில் படாது. தேடல் பட்டியலில் இருக்கட்டும், ஆய்வேட்டில் மேற்கோளுக்குள் மட்டும் வரட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. டிஃபெண்டர் பத்திரிகையின் பழைய வழக்கில் ‘தி ரேஸ்’ என்றால் ‘நம் மக்கள்’ என்று பொருள். பந்தயமும் இல்லை, பொதுவான ‘இனம்’ என்பதும் இல்லை. கணினிக்கு இந்த மூன்றும் ஒன்றே. பக்கத்தில் எந்தச் சொல் வருகிறது என்று பார்க்கும் ‘நியர்’ கட்டளையைப் போட்டால்தான் ஓரளவு பிரிக்க முடிகிறது.

ஒற்றைக் குறியும் வானொலி அட்டவணையும்

தொடரின் பெயரே ஒரு தலைவலி. ஆங்கிலத்தில் நடுவில் இருப்பது ‘என்’ என்ற ஒற்றை எழுத்து. இரண்டு பக்கமும் மேற்குறி. சில தாள்கள் ஒரு பக்கம் மட்டும் குறி போட்டன, சில போடவே இல்லை. சில தாள்கள் முழுதாக ‘அண்ட்’ என்று எழுதின. இந்த ‘அண்ட்’ வடிவத்தை மேற்கோள் குறி இல்லாமல் தட்டினால் தரவுத்தளம் அதைக் கட்டளை என்று நினைத்துக்கொள்ளும். ஒரே பக்கத்தில் எங்கோ ஒரு ஏமஸும் எங்கோ ஓர் ஆண்டியும் இருந்தாலே கொண்டுவந்து கொட்டும். எல்லா வடிவங்களையும் மேற்கோள் குறிக்குள் வைத்து ‘ஆர்’ போட்டு இணைத்த பிறகுதான் வழிக்கு வந்தது.

அதற்கப்புறம் வேறொரு வெள்ளம். அன்றைய தாள்கள் பலவற்றில் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சி அட்டவணை உண்டு. அட்டவணையில் தொடரின் பெயர் இருக்கும். எனவே கட்டுரை ஒன்று கிடைக்க வேண்டிய இடத்தில் அட்டவணை பத்து வந்து நின்றது. இதற்கு ஆவண வகை வடிகட்டிதான் மருந்து. தலையங்கம், வாசகர் கடிதம், விமர்சனம் என்று தனித்தனியாகப் போட்டுப் பார்த்தோம். வாசகர் கடிதங்களைத் தனியாகப் பிரித்ததுதான் இந்த முழு வேலையிலும் பயன் அதிகம் தந்த ஒரே சொடுக்கு என்பேன். அமைப்புகளின் அறிக்கையைப் பத்திரிகை எப்படியும் போடும். தொடரைப் பார்த்துவிட்டுச் சிரித்தவரும் கோபப்பட்டவரும் எழுதியது கடிதப் பகுதியில்தான் இருக்கும். ஆசிரியர் எந்தக் கடிதத்தைக் குப்பைக்கூடையில் போட்டார் என்பதை மட்டும் எந்தத் தரவுத்தளமும் சொல்லாது.

ஓசிஆர் பிழைகளைப் பற்றிச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். மங்கலான மைக்ரோஃபிலிமிலிருந்து எழுத்தைப் படித்த கணினி தப்பும் தவறுமாகத்தான் படித்திருக்கிறது. நடிகர் பெயர், கதாபாத்திரப் பெயர், விளம்பரதாரர் பெயர் என்று மூன்று வழியில் தேடினால் ஒன்றில் தப்பியது இன்னொன்றில் மாட்டும்.

இரண்டாவது ஆட்டம்: “கறுப்பின மக்கள் எதிர்த்தார்கள்”

இங்கேதான் மாணவியின் அத்தியாயம் உண்மையில் மாறியது. எங்கள் சந்தாவில் கறுப்பினப் பத்திரிகைகள் எல்லாம் இல்லை. டிஃபெண்டர் மட்டும் இருந்தது. கூரியரைப் பிற நூலகத்தின் வழியாகத்தான் பார்த்தோம். ஒரே பத்திரிகையோடு நின்றிருந்தால் என்ன எழுதியிருப்போம் என்று யோசித்தாலே பயமாக இருக்கிறது. ஏனென்றால் இந்த இரண்டு பத்திரிகைகளும் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசியதில்லை. தங்களோடு தாங்களே முரண்பட்டதும் உண்டு.

இருபது ஆண்டு பின்னால் போக வேண்டியிருந்தது. 1931-இல் வானொலி நிகழ்ச்சியை நிறுத்தக் கோரி ராபர்ட் வான் ஆசிரியராக இருந்த பிட்ஸ்பர்க் கூரியர் பெரிய கையெழுத்து இயக்கம் நடத்தியது. பத்து லட்சம் கையெழுத்து என்பது இலக்கு. அதே ஆண்டு சிகாகோ டிஃபெண்டர், சிறுவர்களுக்காக நடத்திய தன் பட் பிலிக்கன் விழாவுக்குக் காஸ்டனையும் கோரெலையும் விருந்தினராக அழைத்தது. இரண்டும் கறுப்பினத்தவர் நடத்திய, நாடு முழுக்க விற்பனையான பத்திரிகைகள். கூரியரை மட்டும் படித்தவர் ‘மக்கள் கொதித்தார்கள்’ என்று எழுதுவார். டிஃபெண்டரை மட்டும் படித்தவர் ‘மக்கள் கொண்டாடினார்கள்’ என்று எழுதுவார். இருவர் கையிலும் அடிக்குறிப்பு இருக்கும்.

1951-க்கு வந்தால் கூரியர் நிலை மாறியிருந்தது. அதன் கேளிக்கைப் பக்கத்தில் தொலைக்காட்சித் தொடரைப் பாராட்டும் எழுத்து வந்தது. இருபது ஆண்டுக்கு முன் கையெழுத்து திரட்டிய அதே பத்திரிகை! ஏன் என்று கேட்டால், ஒரு காரணம் பக்கத்திலேயே தெரிந்தது. 1931-இல் மைக்குக்குப் பின்னால் இருந்தவர்கள் வெள்ளையர்கள். 1951-இல் திரையில் இருந்தவர்கள் கறுப்பின நடிகர்கள், சம்பளம் வாங்கும் நடிகர்கள். அப்போதைய தொலைக்காட்சியில் அவர்களுக்கு வேறு எத்தனை கதவு திறந்திருந்தது?

என்.ஏ.ஏ.சி.பி. தரப்பும் லேசானது இல்லை. தொடரை ஏன் நிறுத்த வேண்டும் என்று விளக்கி 1951-இல் அது ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன் வாதம் இப்படிப் போகிறது: இதில் வரும் கறுப்பின மருத்துவர் போலி, வழக்குரைஞர் ஏமாற்றுக்காரர், பெண்கள் சண்டைக்காரிகள், எல்லாப் பாத்திரமும் கோமாளி அல்லது அயோக்கியன். வெள்ளையரைப் பற்றி ஆயிரம் வகை நிகழ்ச்சி இருக்கும்போது ஒன்றில் அயோக்கியன் வந்தால் பரவாயில்லை. கறுப்பினத்தவருக்குத் திரையில் இருக்கும் இடமே இதுதான் என்றால், பார்ப்பவர் இதையே முழு உண்மை என்று எடுத்துக்கொள்வார்.

இதற்கு நேர் எதிரே ஆல்வின் சில்ட்ரெஸ் பிற்காலத்தில் சொன்ன கருத்தை வைத்துப் பாருங்கள். கறுப்பினத்தவரை வழக்குரைஞராகவும் கடை முதலாளியாகவும் அதற்கு முன் படத்திலோ தொலைக்காட்சியிலோ காட்டியதில்லை, இந்தத் தொடர் காட்டியது என்பது அவர் வாதம். அதே வழக்குரைஞர்! ஒருவருக்கு அவன் புரட்டன், அதுதான் அவமானம். இன்னொருவருக்கு அவன் வழக்குரைஞன், அதுதான் வெற்றி. மாணவி இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எதிரெதிராக வைத்தபோது அத்தியாயத்துக்கு முதுகெலும்பு கிடைத்தது. ‘மக்கள் எதிர்த்தார்கள்’ என்ற வாக்கியத்தை அவரே அடித்துவிட்டார்.

மூன்றாவது ஆட்டம்: 1953-ஆ, 1966-ஆ?

‘போராடி 1953-இல் நிறுத்தினார்கள்’ என்பது பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. யார் முதலில் எழுதினார்கள் என்று ஆய்விதழ்த் தரவுத்தளமான ஜேஸ்டோரில் கட்டுரை கட்டுரையாக அடிக்குறிப்பைப் பிடித்துப் பின்னால் போனோம். ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார், அவர் வேறொருவரைக் காட்டுகிறார். பல சங்கிலிகளின் நுனியில் அன்றைய ஆவணம் எதுவும் இல்லை.

இதற்கு விடை செய்தித்தாளில் இல்லை, வணிக இதழ்களில் இருந்தது. ஆய்வாளர்கள் பலர் எட்டிப் பார்க்காத இடம் இது. திரைத்துறையும் ஒலிபரப்புத் துறையும் தங்களுக்குள் பேசிக்கொண்ட இதழ்கள்: ‘வெரைட்டி’, ‘பில்போர்டு’, ‘பிராட்காஸ்டிங்’. ‘என்டர்டெய்ன்மென்ட் இண்டஸ்ட்ரி மேகசின் ஆர்க்கைவ்’ என்ற சந்தாத் தரவுத்தளத்தில் இவை உண்டு. சந்தா இல்லாதவருக்கு ‘மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி’ இருக்கிறது, இலவசம். அதன் தேடல் கருவிக்கு ‘லான்டர்ன்’ என்று பெயர். ‘பிராட்காஸ்டிங்’ இதழை ‘வேர்ல்டு ரேடியோ ஹிஸ்டரி’ தளத்திலும் இலவசமாகப் படிக்கலாம்.

வெரைட்டியின் மொழி தனி ரகம். 1935-இல் அது போட்ட ஒரு தலைப்பு இன்றும் பேசப்படுகிறது: ‘ஸ்டிக்ஸ் நிக்ஸ் ஹிக் பிக்ஸ்’. கிராமத்துக் கதைப் படங்களைக் கிராமத்து ரசிகர்கள் விரும்பவில்லை என்று அர்த்தமாம்! இப்படிப் பேசுகிற இதழில் பொறுமையான கல்விப்புலச் சொல்லைத் தட்டி என்ன பயன்? நடிகர் பெயர், நிறுவனப் பெயர், பீர் பெயர் என்றுதான் தேட வேண்டும்.

வணிக இதழ்களில் இனம் பற்றிய தர்மசங்கடம் அதிகம் தெரியாது. பணம் தெரியும். பிளாட்ஸ் பீர் நிறுவனம் மீதும், அதன் உரிமையாளரான ஷென்லி நிறுவனம் மீதும் என்.ஏ.ஏ.சி.பி. கொடுத்த அழுத்தம், பிறகு விளம்பரதாரர் விலகியது, 1953-இல் சி.பி.எஸ்.-இன் தேசிய ஒளிபரப்பு நின்றது எல்லாம் வரிசையாகக் கிடைக்கின்றன. ஆனால் கதை அங்கே முடியவில்லை. எடுத்து முடித்த 78 பகுதிகளை சி.பி.எஸ். ஊர் ஊராக உள்ளூர் நிலையங்களுக்கு விற்கத் தொடங்கியது. மறு ஒளிபரப்பு தொடர்ந்து ஓடியது. சந்தையிலிருந்து சி.பி.எஸ். அதை விலக்கிக்கொண்டது 1966-இல்தான். நடுவில் பதின்மூன்று ஆண்டு. 1951-இல் பிறந்த குழந்தை பதினைந்து வயதுவரை இதை வீட்டில் பார்த்திருக்க முடியும். ‘1953-இல் நிறுத்தப்பட்டது’ என்று எழுதுகிறவர் அந்தக் குழந்தையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்.

1966-ஐ 1951-இன் போராட்டத்தோடு நேராக முடிச்சுப் போடவும் முடியாது. இடையில் நாடே மாறியிருந்தது. 1964-இல் குடிமை உரிமைகள் சட்டம், 1965-இல் வாக்குரிமைச் சட்டம். மாணவி இறுதியில் ‘நிறுத்தியது’ என்ற வினையை விட்டுவிட்டு ‘விளம்பரதாரரை இழக்கச் செய்தது’ என்று எழுதினார். அடக்கமான வாக்கியம். ஆனால் எதிர்க்கேள்வி வந்தால் நிற்கும்.

என்.ஏ.ஏ.சி.பி.யின் சொந்தக் கோப்புகளையும் பார்த்தோம். மூலத் தாள்கள் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. எண்ணிம வடிவம் ‘புரோக்வெஸ்ட் ஹிஸ்டரி வால்ட்’டில். இங்கே செய்தித்தாளில் தேடுவதுபோல் தேடக் கூடாது. கோப்புறை அளவில்தான் தலைப்பு இருக்கும். அன்றைய செயலாளர் வால்டர் வைட்டின் பெயரையும் ஆண்டையும் வைத்துக் கோப்புறையைப் பிடித்து, அப்புறம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். சலிப்பான வேலைதான். பத்திரிகையில் உறுதியாகத் தெரிகிற ஒரு நிலைப்பாடு, உள்ளே எத்தனை யோசனைக்குப் பிறகு வந்தது என்பது இந்த மாதிரிக் கோப்பில்தான் தெரியும்.

நீலக்கல்லும் வாத்தியக் குழுவும்

இரண்டு திசைதிருப்பல்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று சிரிப்பு, ஒன்று அப்படி இல்லை.

எர்னஸ்டீன் வேட் நடித்த சஃபையர் என்ற பாத்திரத்தின் பெயரே பின்னாளில் ‘கோபக்காரக் கறுப்பினப் பெண்’ என்ற வார்ப்புக்குப் பெயராகிவிட்டது. உளவியலிலும் சட்டத்துறையிலும் எழுதுகிறவர்கள் இன்றும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். சரி, தேடுவோம் என்று எல்லாத் துறைக்கும் பொதுவான ஒரு தரவுத்தளத்தில் மாணவி தட்டினார். வந்தது முழுக்க லேசர் கருவிகள். சஃபையர் என்றால் நீலக்கல். படிக வளர்ப்பு, ஒளியியல் என்று பக்கம் பக்கமாக இயற்பியல். ‘ஸ்டீரியோடைப்’ என்ற சொல்லைச் சேர்த்து, உளவியல் தரவுத்தளத்துக்கு மாறிய பிறகுதான் மனிதர்கள் தென்பட்டார்கள். திரைத்துறைக்கென்றே இருக்கும் ‘ஃபிலிம் அண்ட் டெலிவிஷன் லிட்ரேச்சர் இண்டெக்ஸ்’ இந்தக் கிளையை முழுதாகக் காட்டாது. ஒரு பாத்திரம் திரையை விட்டு இறங்கி நீதிமன்றத்துக்கும் மருத்துவ அறைக்கும் போய்விட்டால், திரைப்பட அட்டவணை அதன் பின்னாலேயே போவதில்லை.

இரண்டாவது, 1930 திரைப்படம். அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் பட்டியல் இணையத்தில் இலவசம். படத்தின் நடிகர், நிறுவனம், வெளியீடு எல்லாம் அங்கே இருக்கும். திரையில் இனத்தைக் காட்டிய விதம் பற்றி இந்தப் படம் சொல்லும் ஆகக் கூர்மையான செய்தி மட்டும் எங்களுக்கு ஜாஸ் இசை சார்ந்த இதழ்களிலிருந்து கிடைத்தது. கறுப்பின ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டனின் வாத்தியக் குழு அந்தப் படத்தில் வருகிறது. குழுவில் பார்னி பிகார்டும் ஹுவான் டிசோலும் வெளிர் நிறத்தவர்கள். கறுப்பரும் வெள்ளையரும் கலந்த குழு என்று ரசிகர்கள் நினைத்துவிடக் கூடாதென்று அவர்கள் இருவர் முகத்திலும் கறுப்பு ஒப்பனை பூசினார்கள். கதாநாயகர்கள் வெள்ளையர்கள், கறுப்பாகத் தெரிய மை. வாத்தியக்காரர்கள் வெள்ளையர் அல்லர், அவர்களுக்கும் மை. ஒரே படத்தில் இரண்டு பூச்சு, இரண்டுக்கும் வேறு வேறு காரணம். திரைப்படத் தரவுத்தளத்தோடு நின்றிருந்தால் இது எங்களுக்குக் கிடைத்திருக்காது.

தலைப்புகளுக்கும் வரலாறு உண்டு

புத்தகங்களைத் தேடும்போது நூலகத்தின் பொருள் தலைப்புகள் உதவும். காங்கிரஸ் நூலகத்தின் பட்டியலில் ‘ஆப்பிரிக்கன் அமெரிக்கன்ஸ் இன் மோஷன் பிக்சர்ஸ்’, ‘ரேஸ் இன் மோஷன் பிக்சர்ஸ்’, ‘மைனாரிட்டீஸ் ஆன் டெலிவிஷன்’ போன்ற தலைப்புகள் உள்ளன. ஒரு நல்ல புத்தகத்தைக் கண்டுபிடித்து, அதன் பதிவில் இருக்கும் தலைப்பைச் சொடுக்கினால் உறவுக்காரப் புத்தகங்கள் எல்லாம் வரிசையில் வரும்.

ஆனால் இந்தத் தலைப்புகளும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1976 வரை காங்கிரஸ் நூலகத்தில் தலைப்பு ‘நீக்ரோஸ்’. அதன் பிறகு அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு ‘ஆஃப்ரோ-அமெரிக்கன்ஸ்’. 2000-இல்தான் ‘ஆப்பிரிக்கன் அமெரிக்கன்ஸ்’. கணினிப் பட்டியலில் பழைய தலைப்பை மாற்றிவிடலாம். அச்சில் வந்த அட்டவணைத் தொகுதிகளில் அது அப்படியே உறைந்து கிடக்கிறது. 1950-களின் தொகுதியைத் திறக்கும்போது அன்றைய தலைப்பின் கீழ்தான் பார்க்க வேண்டும்.

இன்னும் பின்னால் போனால், ஹவர்டு பல்கலைக்கழக நூலகர் டோரதி போர்ட்டர் நினைவுக்கு வருகிறார். நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி பகுப்பு முறையைப் பின்பற்றிய நூலகங்கள் பல, கறுப்பின எழுத்தாளர் எழுதியது கவிதையாகவே இருந்தாலும் அதை அடிமை முறைக்கான 326-இலோ குடியேற்றத்துக்கான 325-இலோ கொண்டுபோய் வைத்தன. போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதைக்குள்ளும் வரலாற்றை வரலாற்றுக்குள்ளும் வைத்தார். திரையில் இன முத்திரை பற்றித் தேடுகிறவர் தேடுகிற அலமாரியிலேயே முத்திரை இருந்தது என்பதை மாணவி ஓர் அடிக்குறிப்பாக எழுதினார். எனக்கென்னவோ அது அடிக்குறிப்புக்குள் அடங்குகிற விஷயமாகத் தெரியவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர், பிற்கால ஒப்பீடு ஒரு பத்தி வேண்டும் என்று கேட்டிருந்தார். அதைச் சீக்கிரம் முடித்தோம். அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம் 1977-இல் வெளியிட்ட ‘விண்டோ டிரஸ்ஸிங் ஆன் தி செட்’ அறிக்கை தொலைக்காட்சியில் பெண்களும் சிறுபான்மையினரும் எப்படி இடம்பெற்றார்கள் என்று எண்ணிப் பார்த்தது. அமெரிக்க மத்திய அரசின் ஆவணங்களுக்குப் பதிப்புரிமைத் தடை கிடையாது, ஆகையால் ‘ஹாத்தி டிரஸ்ட்’ போன்ற எண்ணிம நூலகங்களில் தேடலாம். இன்றைய கணக்குக்கு 2014 முதல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் வெளியிடும் ஹாலிவுட் பன்முகத்தன்மை அறிக்கைகள். எத்தனை பேர் திரையில் வந்தார்கள் என்பதை எண்களாக இவை சொல்லும். 1951-இன் சண்டை எண்ணிக்கையைப் பற்றியது மட்டும் இல்லை என்பதால் ஒரு பத்திக்கு மேல் இழுக்கவில்லை.

பெயரைப் பிடித்துப் போனது

கடைசியாக மீதம் இருந்தது நடிகர்களின் குரல். அமைப்பு பேசியாயிற்று, பத்திரிகை பேசியாயிற்று, வணிகம் பேசியாயிற்று. நடித்தவர் என்ன நினைத்தார்? கருத்துச் சொற்களைத் தூக்கிவைத்துவிட்டு, ஆட்களின் பெயரை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டச் சொன்னேன்.

ஸ்பென்சர் வில்லியம்ஸின் பெயரைத் தட்டியபோது பட்டியல் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம், தொலைக்காட்சியில் ஆண்டி. மறுபக்கம், ‘தி பிளட் ஆஃப் ஜீசஸ்’ என்ற 1941 திரைப்படத்தின் இயக்குநர். கறுப்பின ரசிகர்களுக்காகவே எடுக்கப்பட்டு, அவர்களுக்கான அரங்குகளில் ஓடிய படம். 1983-இல் டெக்சஸ் மாநிலம் டைலர் ஊரில் ஒரு கிடங்கில் கிடைத்த பழைய படப் பெட்டிகளில் இதன் பிரதியும் இருந்தது. 1991-இல் இது அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. ‘ஏமஸ் அன் ஆண்டி’ என்று தேடியவரை இந்தப் பக்கம் கண்ணிலேயே படவில்லை. கோமாளி வேடம் போட்டவர் என்று மாணவி இரண்டு அத்தியாயமாக எழுதிவந்த மனிதர், தானே எழுதி இயக்கியவர்.

கறுப்பின வாசகர்களுக்கான ‘எபனி’ இதழின் பழைய பிரதிகள் கூகுள் புக்ஸில் இலவசமாகக் கிடக்கின்றன. அவ்வளவு சந்தாத் தரவுத்தளங்களையும் சுற்றிவிட்டுக் கடைசியில் அங்கே போனோம். 1961-இல் வந்த ஒரு கட்டுரையில் வில்லியம்ஸ் படப்பிடிப்பு நாள் ஒன்றை நினைவுகூர்கிறார். வானொலியில் குரல் கொடுத்த வெள்ளையரான காஸ்டன் தளத்துக்கு வந்து, கறுப்பினத்தவர் வசனத்தை எப்படிப் பேச வேண்டும் என்று இவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்திருக்கிறார். பிறந்ததிலிருந்து நான் கறுப்பன்தான், கறுப்பர் எப்படிப் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்று வில்லியம்ஸ் திருப்பிக் கேட்டாராம்.

மாணவி அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டார். அத்தியாயத்தை அங்கிருந்து மறுபடி எழுத ஆரம்பிக்கப்போவதாகச் சொன்னார். சமர்ப்பிக்க மூன்று வாரம்தான் இருந்தது.